கண்ணில் பட்ட சிறு காயம்: எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

கண்ணில் தூசி விழாதவர் எவரும் இலர். பெரும்பாலான தூசியைக் கண்ணீரும் இமைகளுமே வெளியேற்றிவிடுகின்றன. மேற்பரப்பில் ஏற்படும் சிறு சிராய்ப்பும் பொதுவாக ஓரிரு நாள்களில் ஆறிவிடும். ஆகவே ஒவ்வோர் உறுத்தலுக்கும் மருத்துவமனைக்கு விரைந்து வர வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஆயினும் கருவிழிப் புண் முற்றிய நிலையில் வருவோரிடம் நாங்கள் விசாரிக்கும்போது, பலரும் கூறும் தொடக்கம் மிகச் சிறியது: கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டது, கரும்புத் தோகை உரசியது, மாட்டின் வால் முகத்தில் அடித்தது. எந்தக் காயத்திற்கு வீட்டிலேயே பொறுத்திருக்கலாம், எதற்கு அன்றே வர வேண்டும் என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரை உதவும்.

கருவிழி எனும் சாளரம்

கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் அமைந்த பகுதியையே கருவிழி என்கிறோம். ஒளி இதன் வழியாகவே உள்ளே செல்கிறது. இதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேல் படர்ந்துள்ள மேல்தோல் படலமோ அதில் பத்தில் ஒரு பங்கே. இப்படலம் முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய இயலாது. சிராய்ப்பு ஏற்பட்டால் அந்தக் காவல் தற்காலிகமாக நீங்குகிறது. படலம் மட்டும் உரிந்திருந்தால் அது தழும்பின்றி மீண்டும் வளர்ந்துவிடும். கிருமி அடியிலுள்ள அடுக்குக்குச் சென்று புண்ணாக்கிவிட்டாலோ, புண் ஆறிய பின்னும் வெண்ணிறத் தழும்பு நிலைத்துவிடும். அத்தழும்பு நடுப்பகுதியில் அமைந்தால் பார்வை மறைக்கப்படும்.

வலியை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது

கருவிழியில் உணர்வு நரம்புகள் மிகுதி. அதனால் சிறு சிராய்ப்பும் கடுமையாக வலிக்கும். மாறாக, சுத்தியலால் இரும்பை அடிக்கும்போது தெறித்த சிறு துண்டு கண்ணுக்குள்ளேயே துளைத்துச் சென்றிருந்தும், சிறு குத்தலைத் தவிர வேறொன்றையும் பாதிக்கப்பட்டவர் உணராமல் இருக்கக்கூடும். தோற்றமும் இவ்வாறே ஏமாற்றும். விழியின் வெண்பகுதியில் திட்டாகப் பரவிய இரத்தச் சிவப்பு அச்சமூட்டுவதாக இருப்பினும், அடிபடாமல் தானாகத் தோன்றி, வலியும் பார்வைக் குறைவும் இல்லையெனில், அது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும். ஆகவே வலி, சிவப்பு ஆகியவற்றைவிடப் பின்வரும் மூன்று கேள்விகளே சிறந்த வழிகாட்டி.

முதற் கேள்வி: எதனால் பட்டது?

சுண்ணாம்பு, சிமெண்ட், அமிலம், கழிப்பறை தூய்மை செய்யும் திரவம், பூச்சிமருந்து ஆகியவை பட்டிருந்தால் அது அவசரநிலை. குறிப்பாகச் சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் திசுக்களைக் கரைத்துக்கொண்டே உள்ளே செல்லும். குழந்தைகள் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும்போது இவ்விபத்து நிகழ்கிறது. மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முன், அந்த நொடியே, கிடைக்கும் தூய நீரால் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் வரை இமைகளை விலக்கிப் பிடித்துக் கழுவ வேண்டும். கழுவிய பின் கண் நன்றாகத் தோன்றினாலும் உடனே வர வேண்டும்.

கூரான பொருள், பட்டாசு, வேகமாகத் தெறித்த உலோகத் துண்டு, பந்து அல்லது கில்லியின் அடி ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. கண்ணில் எதுவும் குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். கழுவவும் அழுத்தவும் வேண்டாம். காகிதக் குவளை போன்ற ஒன்றைக் கண்ணைத் தொடாமல் மேலே வைத்து மூடி அழைத்து வாருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு தர வேண்டாம்.

நெல், வைக்கோல், முள், இலை, மண் ஆகியவற்றால் ஏற்பட்ட காயத்தை நம் பகுதியினர் தனியாக நினைவில் கொள்ள வேண்டும். இவற்றுடன் பூஞ்சைக் கிருமிகள் கண்ணுக்குள் செல்லக்கூடும். மதுரையில் நடத்தப்பட்டு 1997-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையில் கிருமி வளர்ந்த கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் மட்டுமே உண்டானவை எனத் தெரியவந்தது. பூஞ்சைப் புண் மெதுவாகத் தொடங்கிச் சில நாள்களுக்குப் பின்னரே வெளிப்படலாம். எனவே இத்தகைய காயத்திற்கு அன்றே வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு உறுத்தலோ வலியோ ஏற்பட்டால் லென்ஸை அகற்றிவிட்டு அவரும் அன்றே வர வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பார்வை எவ்வாறு உள்ளது?

இரு கண்களையும் திறந்து பார்த்தால் ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். நலமாக உள்ள கண்ணை உள்ளங்கையால் மூடி, காயம்பட்ட கண்ணால் மட்டும் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள். எழுத்து மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, மின்னல் போன்ற ஒளியோ மிதக்கும் கரும்புள்ளிகளோ புதிதாகத் தோன்றினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் இருந்தாலோ தாமதம் கூடாது. பாவையின் வடிவம் மாறியிருப்பதும், கருவிழிக்குப் பின்னே இரத்தம் தேங்கி நிற்பதும் அபாய அறிகுறிகளே. அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ சோர்ந்து உறங்கினாலோ அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டு வாருங்கள்.

மூன்றாம் கேள்வி: நேரம் செல்லச் செல்லக் குறைகிறதா, கூடுகிறதா?

சாதாரணத் தூசி விழுந்து, கழுவியதும் நீங்கி, பார்வை தெளிவாக இருந்து, உறுத்தல் மணிக்கு மணி குறைந்துவந்தால் வீட்டிலேயே பொறுத்திருக்கலாம். 24 மணி நேரத்திற்குள் உறுத்தல் முழுவதும் நீங்கவில்லையெனில் வர வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடுதல், வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, சீழ், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள்.

காலத்தின் மதிப்பை உணர்த்தும் சான்று ஒன்றுண்டு. நேபாளத்தின் பக்தபூரில் நடத்தப்பட்டு 2001-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கருவிழிச் சிராய்ப்பு ஏற்பட்டோருக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் கிருமியெதிர்ப்புக் களிம்பு இட்டனர். 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப்பெற்ற 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. அதன் பின் வந்தோரில் சிலருக்கு உண்டாயிற்று. அங்கு இடப்பட்டது எளிய களிம்பே. அதனை உரிய நேரத்தில் இட்டதே பயன் தந்தது. எனினும் காயத்தை ஆராய்ந்தறிந்த பின்னரே அது இடப்பட்டது என்பதால், கடையில் களிம்பு வாங்கிக்கொண்டால் போதும் என்று எண்ண வேண்டாம்.

செய்யக் கூடாதவை

கண்ணைத் தேய்க்காதீர்கள். முந்தானை நுனி, தீக்குச்சி, நாக்கு ஆகியவற்றால் தூசியை எடுக்க முயலாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, பூச்சாறு ஆகியவற்றை அன்புடன் விடுவோர் உளர். காயம்பட்ட கண்ணுக்கு அவை கிருமிகளைக் கொண்டு சேர்க்கும்.

வீட்டில் எஞ்சியுள்ள சொட்டு மருந்தையும், பரிசோதனையின்றிக் கடையில் தரும் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சிவப்பையும் வலியையும் குறைத்து நலம் பெற்றதாகத் தோன்றச் செய்யும். உள்ளே பூஞ்சையோ தடையின்றி வளரும். மருத்துவர் சொல்லாமல் கண்ணைப் பஞ்சு வைத்து இறுகக் கட்டுவதும் தவறு.

மருத்துவமனையில் என்ன செய்வோம்?

முதலில் பார்வையை அளந்து குறித்துக்கொள்வோம். பின்னர் ஃப்ளூரசீன் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் காண்போம்; சிராய்ந்த இடம் பச்சையாக ஒளிரும். மேல் இமையைப் புரட்டி, அங்கே ஒளிந்திருக்கும் தூசியை அகற்றுவோம். சோதனைக்காக நாங்கள் இடும் மரத்துப்போகும் சொட்டு மருந்து உடனே வலி நீக்கும். அதை வீட்டிற்குத் தருமாறு கேட்காதீர்கள். தொடர்ந்து விட்டால் காயம் ஆறாது, கருவிழியும் கெடும். மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில், வலி இல்லாவிடினும் தவறாமல் வாருங்கள்.

வரும்போது எப்பொருள் எந்நேரத்தில் பட்டது என்பதைக் குறித்து வாருங்கள். இதுவரை ஏதேனும் மருந்து விட்டிருந்தால் அப்புட்டியையும் கொண்டு வாருங்கள். எதை விட்டிருந்தாலும் தயங்காமல் கூறுங்கள். அதனை அறிவது சரியான சிகிச்சையை விரைவில் தொடங்க எங்களுக்கு உதவும். அறுவடைக்கும் கதிரடிப்புக்கும் செல்வோரும் உலோகப் பட்டறைகளில் பணிபுரிவோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டால், இக்காயங்களில் பெரும்பாலானவை நேராமலே தடுக்கலாம்.