பாடம்: அம்மாவின் பெயர் போதும்

இந்த மாத வகுப்புக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, தனித்து வாழும் தாய். முதலில் ஒரு பழைய கதையைப் பார்ப்போம். அப்புறம் நம்ம நாட்டில் நடந்த ஒரு வழக்கு.

சாந்தோக்கிய உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் சத்தியகாமன் என்ற பையன் வருகிறான். குருகுலத்தில் சேர ஆசை. குரு கோத்திரம் கேட்பாரே என்று அம்மா ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் வேலை செய்து பிழைத்தவள் அவள். கோத்திரம் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லி, தன் பெயரையே சேர்த்து 'சத்தியகாம ஜாபாலன்' என்று சொல்லச் சொல்கிறாள். அவன் அதை அப்படியே கௌதமரிடம் சொல்கிறான். பொய் சொல்லாத பிள்ளை என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். அப்பா பெயர் இல்லாததால் அங்கே கதவு மூடவில்லை.

இப்போ வழக்குக்கு வருவோம். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. 2009-இல் அவருடைய கணவர் மதம் மாறினார். மூன்று பிள்ளைகளையும், தாயின் சம்மதம் இல்லாமலே, பிறப்புப் பத்திரங்களை வைத்து மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2010-இல் உயர்நீதிமன்றம் பராமரிப்பு உரிமையைத் தாய்க்கே கொடுத்தது. 2013-இல் மதமாற்றச் சான்றிதழ்களையும் ரத்து செய்தது. ஆனால் 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை மாற்றியது. அவர் விடவில்லை. 2018 ஜனவரி 29 அன்று புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பின் சாரம் என்னன்னா, அரசமைப்புச் சட்டம் 12(4) பிள்ளையின் மதத்தைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்கிறது. இருவரும் உயிரோடு இருக்கும்போது ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் செல்லாது; இருவர் சம்மதமும் வேணும். 1961-ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டமும் 1999 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண்மணி. ஆகவே இது இன்னொரு மதத்தை ஏசும் பாடம் இல்லை. ஒரு தாயின் சம்மதத்துக்கு மதிப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் கைக்குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்தார். தாளில் கிடைத்த நீதி வீட்டு வாசலுக்கு வர, சமுதாயமும் கூட நிற்கணும்.

நாம் என்ன செய்யலாம்?

1. கோயிலில் தாலி கட்டுவதோடு நிறுத்தாமல் திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1982 மார்ச் 1 முதல் அதுதான் சட்டம். பத்திரம் இல்லாத மனைவிக்குப் பின்னாடி ரொம்ப சிரமம்.

2. உங்களுக்குத் தெரிந்த தனித்து வாழும் தாயிடம், பிறப்புப் பத்திரம், நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றின் நகல்களைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

3. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சமய வகுப்பில் பெயர் பதியும்போது, அப்பா பெயரைக் கேட்டு ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்காதீர்கள். பாரத்தில் 'தாய் அல்லது தந்தை' என்று போட்டால் போதும். கௌதமர் செய்ததும் அதுதான்.

கலந்துரையாட:
அ) ஜபாலை ஒரு கோத்திரத்தைக் கற்பனையாகச் சொல்லியிருந்தால் மகனுக்கு என்ன இழப்பு?
ஆ) நம் வட்டாரக் கோயிலுக்குத் தனியாகப் பிள்ளையோடு வரும் அக்காவிடம் கடைசியாக எப்போது பேசினோம்?