டைட்டன்ஃபால் பழக வரும் தம்பி தங்கைகளுக்கு

அடி அண்ணாமலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் செல்போனில் ஃப்ரீ ஃபயரும் பிஜிஎம்ஐயும் ஆடி வளர்ந்தவர்கள். கையில் கம்ப்யூட்டர் வந்ததும் ‘டைட்டன்ஃபால் 2’ பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ரெஸ்பான் நிறுவனம் உருவாக்கி, 2016 அக்டோபர் 28 அன்று வெளிவந்த விளையாட்டு. நீ பைலட், உனக்கென்று ஒரு ராட்சத இயந்திரம் வானத்திலிருந்து வந்து இறங்கும். அதற்குப் பெயர் டைட்டன். கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

1. அமெரிக்கத் தர நிர்ணயப்படி இது 17 வயது நிரம்பியவர்களுக்கானது. பத்தாவது படிக்கும் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பொறு.

2. புது கம்ப்யூட்டர் கேட்டு வீட்டில் சண்டை போடாதே. 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 660 போன்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டு, 45 ஜிபி இடம் இருந்தால் ஓடும்.

3. எடுத்த எடுப்பில் ஆன்லைனில் குதிக்காதே. ஜாக் கூப்பரும் பிடி-7274 என்ற டைட்டனும் வரும் கதையை முதலில் முடி. கூப்பர் முறைப்படி பைலட் ஆனவன் இல்லை, சாதாரணத் துப்பாக்கிக்காரன். கேப்டன் லாஸ்டிமோசா சாகும் தறுவாயில் பிடியை அவனிடம் ஒப்படைக்கிறார். அவன் பழகப் பழக நீயும் பழகுவாய். கதை நடுவே கையில் ஒரு கருவி கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் இடிந்து கிடக்கும் ஆய்வுக்கூடம், ஆட்கள் நடமாடிய பழைய காலத்துக்கு மாறும். மறுபடி அழுத்தினால் திரும்பும். ஒரு காலத்தில் இருக்கும் சுவர் இன்னொரு காலத்தில் இருக்காது. சுவரில் ஓடிக் குதித்து, அந்தரத்தில் காலத்தை மாற்றி, அடுத்த சுவரைப் பிடிக்க வேண்டும். துப்பாக்கி விளையாட்டுகளில் இவ்வளவு நேர்த்தியான கட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

4. இதுதான் முக்கியம்: குறி பார்ப்பதற்கு முன்னால் ஓடப் பழகு. பிஜிஎம்ஐயில் படுத்துப் பதுங்கியே பிழைத்திருப்பாய். இங்கே நின்றவன் செத்தான். சுவரில் ஓடு, அங்கிருந்து எகிறு, அந்தரத்தில் இன்னொரு முறை எகிறு, தரையைத் தொட்டதும் சறுக்கு, சறுக்கின வேகம் குறைவதற்குள் மறுபடி எகிறு. தரையில் ஓடுவதைவிடச் சுவரில் வேகம் கூடும். கதையின் தொடக்கத்திலேயே ‘காண்ட்லெட்’ என்ற பயிற்சிக் களம் உண்டு. நீ ஓடி முடித்த நேரத்தை வைத்து எந்தக் கடினநிலை உனக்குச் சரி என்று அதுவே சொல்லும். அதைச் சலிக்காமல் ஓடு. எங்கள் பிள்ளைகளில் தேறியவர்கள் எல்லாருமே அங்கே கிடந்தவர்கள்தான்.

5. டைட்டன் தானாகவும் வரும், ஆனால் நேரமாகும். எதிரிக்கு எவ்வளவு சேதம் செய்கிறாயோ அவ்வளவு சீக்கிரம் வரும். வந்ததும் அடித்துப் பிடித்து ஏறாதே. ஏறாமல் விட்டால் உன்னைப் பின்தொடர்ந்து வந்து அதுவே சண்டை போடும். புதியவர்கள் ‘டோன்’ எடுக்கலாம். தூரத்திலிருந்து சுட்டு எதிரியைக் குறித்துவிட்டு ராக்கெட் விடும். வாள் பிடித்த ‘ரோனின்’ பிறகு.

6. எதிரி டைட்டனைக் கண்டு ஓடாதே. முதுகில் தாவி ஏறி பேட்டரியைப் பிடுங்கு; அதை உன் டைட்டனிலோ கூட்டாளி டைட்டனிலோ மாட்டினால் கவசம் கூடும். எதிரி மின்புகை விட்டால் மட்டும் உடனே குதித்துவிடு.

7. டைட்டன் சாகும் நிலைக்கு வந்தால் வெளியேறும் பொத்தானை மூன்று முறை தட்டு. இயந்திரம் இன்னொன்று வரும். அதற்காக அழாதே.

8. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் நம் ஊர் செல்போன் இன்டர்நெட் திணறும். அன்று ஆன்லைன் ஆடிக் கூட்டாளிகளைக் கைவிடுவதைவிட, தனியாகக் கதையை இன்னொரு முறை ஆடு. மற்ற நாட்களில் பிங் குறைவான சர்வரைப் பார்த்துத் தேர்ந்தெடு.

9. இதே உலகத்தில் நடக்கும் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2019இல் வந்தது, இலவசம். அதன் செல்போன் பதிப்பு 2023 மே மாதம் மூடப்பட்டது. ஏபெக்ஸில் டைட்டனில் ஏற முடியாது. அதனால் அதை ஆடிவிட்டு இதை ஆடியதாக நினைக்காதே.

10. முதல் டைட்டன்ஃபால் 2014இல் வந்தது. 2021 டிசம்பரில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது ஸ்டீமில் கிடைக்கிறது. திருட்டுப் பதிப்பைத் தொடாதே, முழு விலையும் கொடுக்காதே. தள்ளுபடி வரும்வரை காத்திருந்து காசு கொடுத்து வாங்கு.