உறைக்குள் இருக்கும் வெள்ளி நாணயம்: விற்கும் முன் ஒரு கணக்கு

காலமான என் ரயில்வே நண்பர் ஒருவரின் துணைவியார் சென்ற மாதம் ஒரு சிறு பெட்டியுடன் எங்கள் வீட்டிற்கு வந்தார். "அண்ணா, இதை விற்றுத் தரவேண்டும். நல்ல தொகை தேறும் என்று அவர் சொல்வார்" என்றார்.

பெட்டியில் இருந்தது, இந்திய ரயில்வேயின் 150 ஆண்டு நிறைவுக்காக 2003-இல் வெளியான நூறு ரூபாய் வெள்ளி நாணயம். நண்பர் அதற்குத் தரச்சான்று வாங்கி, முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். உறையின் மேல் 'பி.எஃப். 69' என்று இருந்தது. "நூற்றுக்கு அறுபத்தொன்பதுதானா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நூற்றுக்கு அல்ல, எழுபதுக்கு. 1949-இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் வகுத்த அளவுகோல் அது. 'பி.எஃப்.' என்பது சேகரிப்போருக்காகத் தனிச் சிரத்தையுடன் அச்சடித்த 'ப்ரூஃப்' நாணயத்தைக் குறிக்கும்.

இத்தகைய நாணயத்திற்கு இரண்டு விலைகள் உண்டு. முதலாவது உலோக விலை. சரக்கு வாகனின் மொத்த எடையைச் சரக்கின் எடை என்று எழுதினால் குமாஸ்தா விடமாட்டார். இங்கும் அப்படியே. இந்த நாணயத்தின் எடை 35 கிராம், வெள்ளி 50 சதவீதம், ஆக 17.5 கிராம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான ஆயிரம் ரூபாய் நாணயமும் 35 கிராம்தான். ஆனால் அதில் வெள்ளி 80 சதவீதம், அதாவது 28 கிராம். இந்தக் கணக்கு பேரம் பேசுவதற்கு மட்டுமே. நாணயத்தை உருக்குவதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது.

இரண்டாவது, சேகரிப்போர் தரும் விலை. இங்குதான் நண்பர் ஏமாந்தார். புழக்கத்திற்கே வராத புது நாணயம் 69 வாங்குவது அபூர்வமல்ல. மதிப்பெண் நாணயத்தின் நிலையைச் சொல்லும். அதைக் கேட்டு வருவோர் எத்தனை பேர் என்று சொல்லாது.

மும்பை கோட்டைப் பகுதியில் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் வெள்ளிக்கு மட்டும் விலை சொன்னார். இரண்டாமவர் சற்றுக் கூட்டினார். மூன்றாமவர், "என்னிடம் வருவோர் பழைய நாணயம் கேட்பவர்கள். இதை வாங்கினால் என் பணம் மாதக்கணக்கில் முடங்கும்" என்று ஒளிக்காமல் சொல்லி, இருவரையும்விட அதிகம் கொடுத்தார். அந்த அம்மாள் சம்மதித்தார். ஆனால் நண்பர் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

வாசகர்களுக்கு என் யோசனைகள்:

1. வெள்ளிக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

2. விற்பனைப் பட்டியலில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்.

3. உறையை உடைக்காதீர்கள். உறையில்லாத நாணயத்தைத் துலக்காதீர்கள்.

4. மூன்று கடைகளாவது கேளுங்கள்.

5. வாங்கிய விலை, எடை, வெள்ளி அளவு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஐந்தாவதை நண்பர் செய்திருந்தால், அவர் மனைவி அந்த முதல் கடையில் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டாம்.