நள்ளிரவில் திறக்கும் ஃபிரிட்ஜ்

கேள்வி: இரவில் எழுந்து சாப்பிடுவது தூக்கக் கோளாறா, உணவுக் கோளாறா?

பதில்: இரண்டு வகையும் உண்டு, பிரித்துக் காட்டுவது நினைவு. இரவில் உண்ணும் நோயை 1955-இல் விவரித்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட். பொதுவாக, அன்றைய கலோரியில் கால் பங்காவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே உள்ளே போகும், காலையில் பசிக்காது. நடு இரவில் விழிப்பு வந்தால், எதையாவது தின்றால்தான் மறுபடி கண் அசரும் என்று தோன்றும். செய்வது நன்றாகத் தெரிந்தே நடக்கும்.

மற்றது, தூக்கத்தில் நடக்கும் நோய்க்கு நெருங்கிய சொந்தம். பாதித் தூக்கத்தில் அடுப்படிக்குப் போய்ப் பச்சை இறைச்சி, ஃப்ரீசரில் உறைந்த உணவு என்று கைக்குக் கிடைத்ததைத் தின்றவர், காலையில் சிந்திக் கிடப்பதைப் பார்த்துத் திகைப்பார். சோல்பிடம் என்ற தூக்க மாத்திரையே சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். அதனால், தானாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது விபரீதம்.

உண்ணாமலிருக்கும் உணவுக் கோளாறும் தூக்கத்தைக் குலைக்கும்: பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்ஸியாவில் தூக்கத்தைக் கெடுப்பது பசி. உடல் வற்ற வற்றத் தூக்கம் துண்டு துண்டாகும். விடியுமுன்பே விழிப்பு தட்டும். எடை தேறினால் பெரும்பாலும் தூக்கமும் தேறும்.