பிள்ளைக்குப் பல் ஊசியா? கைகொடுக்கும் 18 குறிப்புகள்

என் மகளுக்கு 6 வயதில் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை ஆழமாகப் போய்விட்டது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். 'ஊசி' என்று காதில் விழுந்ததும் வாயை இறுக மூடியவள்தான், அன்றைக்குத் திறக்கவே இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது யோசித்தேன். வாயில் ஊசி எப்படி இருக்கும் என்றே தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டிலிருந்துதான். சாப்பிட அடம்பிடித்த நாளெல்லாம், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன் பாரு" என்று மிரட்டியது நான்தானே.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். அழுதாள், ஆனால் வாயைத் திறந்தாள், சிகிச்சையும் முடிந்தது. அந்தப் பத்து நாளில் வீட்டில் செய்து பார்த்தவையும், குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் இங்கே.

வீட்டில் இருக்கும்போதே

1. ஊசியை வைத்து மிரட்டாதீர்கள். சோறு, படிப்பு, தூக்கம் எதற்கும் ஊசியைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம். தப்பு செய்தால் கிடைக்கும் தண்டனை என்று மனதில் பதிந்துவிட்டால், வைத்தியத்துக்குப் போகும் நாளில் 'நான் என்ன தப்பு செய்தேன்' என்றுதான் பிள்ளை நினைக்கும். தாத்தா பாட்டியிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

2. முதல் தடவை வலி இல்லாதபோது போய் வாருங்கள். முதல் பல் முளைத்ததும், ஒரு வயது முடிவதற்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. நாற்காலி ஏறி இறங்குவதையும் பெரிய விளக்கையும் சும்மா பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த இடம் பழகிவிடும். வீங்கிய கன்னத்தோடு முதன்முதலாகப் போகும் பிள்ளைக்கு எல்லாமே பயமாக இருக்கும்.

3. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் வலித்தாலும் உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பதும் உதவாது. கட்டெறும்பிடம் கடி வாங்கிய பிள்ளைக்கு அது பெரிய வலி. "பல்லைத் தூங்க வைக்க மருந்து விடுவாங்க. கொஞ்ச நேரம் அழுத்துற மாதிரி இருக்கும். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி தெரியும்" என்று சொல்லுங்கள். நடக்கப்போவதும் அதுதான். "ஊசியா?" என்று நேராகக் கேட்டால் மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. சொல்லும் நேரம் முக்கியம். நாலைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வாரம் முன்பே சொன்னால், ஒரு வாரமும் பயந்துகொண்டே இருக்கும். அன்று காலை சொன்னால் போதும். பள்ளிக்கூடம் போகும் பெரிய பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கேள்வி கேட்க இடம் கொடுங்கள்.

5. கரண்டியும் டார்ச்சும் வைத்து விளையாடுங்கள். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, டார்ச் அடித்து, சின்னக் கரண்டியின் பின்பக்கத்தால் பால் பற்களை எண்ணுங்கள். முழுசாக முளைத்திருந்தால் 20 இருக்கும். பத்து எண்ணும்வரை வாயைத் திறந்தே வைத்திருக்கப் பழக்குங்கள். பிறகு நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை டாக்டராகட்டும். டாக்டர்களும் இதே வழியில்தான் போகிறார்கள்: முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகே செய்வது.

6. பால் ஆற்றும் மூச்சு. சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல, மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். வயிற்றின்மேல் ஒரு பொம்மையை வைத்தால், அது ஏறி இறங்குவதைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்ளும். ஊசிக்கு முன்னும் பின்னும் இப்படி நாலைந்து மூச்சு விட்டால் உடம்பின் இறுக்கம் தளரும்.

கிளம்பும் முன்

7. காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. நன்றாகத் தூங்கி எழுந்த காலையே நல்லது. மரத்துப்போவதற்கு மட்டும் ஊசி என்றால் பட்டினி தேவையில்லை. ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி கொடுங்கள். மரப்பு தெளியும்வரை மென்று சாப்பிட முடியாதே. மயக்க மருந்து தருவதாக இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன நேரப்படி வயிற்றைக் காலியாக வைக்க வேண்டும்.

8. எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மரப்பு மருந்தின் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான். பரவலாகப் பயன்படும் லிக்னோகைனுக்கு 1 கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைப் பின்பற்றுகிறார்கள். 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம். இளைப்பு, இதயக் கோளாறு, வலிப்பு, மருந்து ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. கைவைத்தியம் வேண்டாம். கிராம்புத் தைலத்தை ஈறில் தடவினால் புண்ணாகும். சின்னக் குழந்தை விழுங்கினால் ஆபத்து. கடையில் விற்கும் மரப்பு ஜெல்லை நீங்களாகத் தடவாதீர்கள். பென்சோகைன் கலந்த ஜெல் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஓட்டத்தைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுத்துக் கூட்டிப்போவதும் கூடவே கூடாது.

நாற்காலியில்

10. "ஊசிக்கு முன்னால ஜெல் தடவுவீங்களா?" என்று கேளுங்கள். ஈறைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்து, ஜெல்லை ஒன்றிரண்டு நிமிடம் விட்டால், மேல்தோல் மரத்து ஊசி நுனி நுழைவது அவ்வளவாகத் தெரியாது. எச்சில் மேலேயே தடவி உடனே குத்தினால் ஜெல் இருந்தும் பயனில்லை. கொஞ்சம் கசக்கும் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

11. டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். ஊசி நுனியைவிட, மருந்து உள்ளே போய்ச் சதையை விரிக்கும் அழுத்தம்தான் அதிகம் வலிக்கும். அதனால் 1 மில்லி மருந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்துவதே நல்ல முறை. "சீக்கிரம் போட்டு முடிச்சிடுங்க டாக்டர்" என்று நாம் அன்பில் சொல்வது பிள்ளைக்கு வலியைத்தான் கூட்டும். மேலண்ணத்தில் சதை இறுக்கமாக இருப்பதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும்.

12. கன்னத்தை ஆட்டுவது எதற்கு? ஊசி போடும்போது டாக்டர் உதட்டையோ கன்னத்தையோ பிடித்து லேசாகக் குலுக்குவார். முட்டியில் அடிபட்டால் அந்த இடத்தை நாம் நீவி விடுகிறோமே, அதே சங்கதிதான். தொடுகையும் அசைவும் நரம்பு வழியே போய்ச் சேரும்போது, வலியின் செய்தி பாதி வழியிலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் இதை 'வலியின் வாசல்' என்ற கோட்பாடாக விளக்கினார்கள். இதற்காகவே அதிரும் சிறு கருவிகளும் சில கிளினிக்குகளில் உண்டு.

13. ஊசியை எட்டிப் பார்க்காதீர்கள். டாக்டர் ஊசியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் தாடைக்குக் கீழே கொண்டுவருவார். அந்த நேரத்தில் பிள்ளை பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நீங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்து முகம் சுளித்தால் அதுவே போதும், அழ ஆரம்பித்துவிடும். ஊசியைப் பார்த்தால் உங்களுக்கே படபடப்பு என்றால், அப்பாவோ அத்தையோ உள்ளே போகட்டும்.

14. ஒரு குரல் மட்டும் கேட்கட்டும். டாக்டர் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று ஆளாளுக்குச் சொன்னால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? டாக்டரைப் பேசவிட்டு, காலருகே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா", "பக்கத்து வீட்டுப் பாப்பா அழவே இல்லை" இரண்டும் வேண்டாம். அழலாம், வாயைத் திறந்துகொண்டு அழுதால் போதும்.

15. நிறுத்த ஒரு சைகை. தாங்க முடியாவிட்டால் இடது கையை லேசாகத் தூக்கலாம் என்று டாக்டரோடு முன்பே பேசி வையுங்கள். கை தூக்கினால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கையே பாதித் தைரியம். பல பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

16. காலைத் தூக்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஊசி நுழையும் வேளையில் "வலது காலைத் தூக்கு, கட்டை விரலை மட்டும் ஆட்டு, இப்போ இடது கால்" என்று சொன்னால் கவனம் காலுக்குப் போய்விடும். என் மகளிடம் டாக்டர் இதைத்தான் சொன்னார். கட்டை விரலை மட்டும் தனியாக ஆட்ட அவள் படாதபாடு பட்டுக்கொண்டிருக்கையில் ஊசி போட்டு முடிந்துவிட்டது. அதையும் மீறிப் பயப்படும் பிள்ளைக்கு, மூக்கில் வைக்கும் சிரிப்பு வாயு போன்ற வழிகள் உண்டு. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அமுக்கிப் பிடித்துப் போடுவதைவிட, அவசரம் இல்லையென்றால் இன்னொரு நாள் வருவதே மேல்.

ஊசிக்குப் பிறகு

17. உதட்டைக் கவனியுங்கள். மரப்பு மூன்று மணி நேரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். தடித்ததுபோலத் தெரியும் உதட்டைப் பிள்ளை சும்மா கடித்துப் பார்க்கும், வலி தெரியாது. டாக்டர் இதைச் சொன்னபோது நான் பில்லுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் மகள் கீழுதட்டை மென்றுவிட்டாள். சாயங்காலம் உதடு வீங்கியது, மறுநாள் வெள்ளையாகப் பொருக்கு கட்டியது. சீழ் என்று பதறி ஓடினேன். "கடிச்ச புண்தாம்மா, தானா ஆறிடும்" என்றார் டாக்டர். ஒரு வாரத்துக்கு மேல் அவளுக்குக் காரமே ஆகவில்லை. அதனால் மரப்பு தெளியும்வரை விழித்திருக்க வையுங்கள். சூடானது, மெல்ல வேண்டியது எதுவும் வேண்டாம். ஆறிய பால், மோர் போதும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

18. ராத்திரி போன் பேச்சில் கவனம் தேவை. வீட்டுக்கு வந்ததும் அத்தை, சித்தி, பாட்டி என்று ஆளுக்கொரு போன் வரும். "ஊசி போட்டாங்களா? ரொம்ப வலிச்சுதா? அழுதியா?" இதையே நாலு பேர் கேட்டால் பிள்ளை மனதில் வலி மட்டும்தான் தங்கும். அடுத்த முறை அந்த நினைவோடுதான் நாற்காலியில் ஏறும். "என்ன செஞ்சதால உனக்குச் சுலபமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தாய், கையை அசைக்காமல் இருந்தாய் என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பரிசாகச் சாக்லேட் மட்டும் வேண்டாம்; படம் வரைய ஒரு நோட்டு, கலர் பென்சில் போதும்.

அன்றிரவு பாட்டியின் போனை நான் முந்திக்கொண்டு எடுத்து, இப்படிக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். வீங்கிய உதட்டோடு மகள் சொன்ன பதில்: "பாட்டி, எனக்குக் கட்டை விரலைத் தனியா ஆட்டத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"