மதினிக்கும் ஒரு வேலை கொடு

அன்புள்ள செல்வி,

நர்ஸ் வேலையில் பக்கவாதக்காரர்களை நிறையப் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாய். எனக்கு அதில்தான் குறை. மதினிக்கு விழுந்தது வலது பக்கம். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? போன தடவை நான் வந்திருந்தபோது அந்தக் கை தட்டுக்கு நீண்டது. அதற்குள் நீ ஒரு வாய் ஊட்டிவிட்டாய். மதினி கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊருக்கே ஆக்கிப்போட்ட கை அம்மா அது! தட்டை முன்னால் வை. சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். பூண்டு உரிக்க இரண்டு கை வேண்டும். பருப்பில் கல் பொறுக்க ஒரு கை போதும். இன்றைக்கு என்ன குழம்பு என்று அவரிடம் கேள். பேச்சு குழறினால் புத்தியும் குழறிவிட்டது என்று நினைப்பவர்கள், அவரை வைத்துக்கொண்டே உன்னிடம் "சாப்பிட்டாங்களா?" என்பார்கள். "அம்மாகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிடு.

நீ விடக் கூடாதவை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவை. குதிகாலிலோ இடுப்புக்குக் கீழேயோ சிவந்து, விரலால் அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். விழுந்த கையைப் பிடித்துத் தூக்காதே, தோள்மூட்டு இறங்கிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தும் தண்ணீர் புரையேறினால் டாக்டரிடம் சொல். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து நடக்கிறதே, அதில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே ஆள் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடு. இலவசம்தானே என்று இளக்காரம் வேண்டாம்.

உன் தம்பி மாசாமாசம் பணம் அனுப்புகிறான், நல்ல பிள்ளைதான். ஆனால் பணம் ராத்திரி எழுந்து புரட்டிப்போடாது. "முடியுமா" என்று அவனைக் கேட்காதே, தேதியைச் சொல்லி லீவு போடச் சொல். மகன் துடைத்துவிட மதினி கூசினால் அதற்கு மட்டும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வை. ராத்திரி முழிக்க அவன் போதும்.

பல்வலிக்கு மாத்திரை போட்டே நாளைத் தள்ளுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். வெள்ளிக்கிழமை வருகிறேன். இரண்டு ராத்திரி மதினி பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை நீ பல்லைக் காட்டிவிட்டு வா. வரும்போது என்ன வாங்கி வர என்று மதினியிடம் கேட்டுச் சொல்.

உன் அத்தை