பண்டிகைப் பரிசு: யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில்?

ஆவணி பிறந்துவிட்டால் நம் மொத்தக் கடைகளில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். ஒன்று, பண்டிகைச் சரக்குக் கொள்முதல். மற்றொன்று, "இந்த வருஷம் பார்ட்டிகளுக்கு என்ன கொடுக்கலாம்?" என்பது. முதலாவதற்குக் காசு பைசா வரை கணக்குப் போடும் நாம், இரண்டாவதற்குப் போடுவதில்லை. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில் இனிப்புக் கடைக்குப் போன் செய்து, "அரைக் கிலோ பெட்டி அறுபது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பணம் போனது தெரிகிறது. அது என்ன வேலை செய்தது என்பது தெரிவதில்லை.

வில்லியனூர், பாகூர் பக்கத்து மளிகைக்காரருக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள் யார்? டீக்கடை, மெஸ், கல்யாணச் சமையல்காரர், கிராமத்துப் பெட்டிக்கடை, சிறு மளிகைக் கடை. இவர்களில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க, அதிகச் சரக்கு எடுப்பவருக்குப் பெரிய பரிசு என்பதே நம் வழக்கம். இது சரியா என்று பார்ப்போம்.

மாதம் 40,000 ரூபாய்க்கு எடுக்கும் ஒரு பார்ட்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,80,000 ரூபாய். வண்டிக் கூலி, ஆள் சம்பளம் எல்லாம் போக நமக்கு நிற்பது 2 சதவீதம் என்றால் 9,600 ரூபாய். அதில் 3 சதவீதத்தைப் பரிசுக்கு ஒதுக்கினால் 288 ரூபாய். ஆக, 300 ரூபாயைத் தாண்டக் கூடாது.

ஆனால் அதே பார்ட்டி எப்போதும் இரண்டு மாதப் பாக்கி வைத்திருப்பவர் என்றால்? நம் பணம் 80,000 ரூபாய் வருடம் முழுதும் அவரிடம் நிற்கிறது. அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி போட்டால் அதே 9,600 ரூபாய்! லாபம் முழுவதையும் வட்டியே தின்றுவிடுகிறது. பக்கத்துத் தெருவில் மாதம் 15,000 ரூபாய்க்கு, பருப்பும் மசாலாவும் ரொக்கத்துக்கு எடுக்கும் சிறு கடைக்காரர் இவரைவிட நமக்கு அதிகம் தருகிறார். நாமோ அவருக்குக் காலண்டர் மட்டும் கொடுத்து அனுப்புகிறோம்.

அப்படியானால் ரொக்கக்காரருக்குப் பெரிய பெட்டி, பாக்கிக்காரருக்குச் சின்னப் பெட்டி என்று மாற்றிவிடலாமா? கூடாது. இது பட்டணம் அல்ல. ஒரு கிராமத்தில் நான்கு பெட்டிக்கடை இருந்தால், யாருக்கு என்ன வந்தது என்று சாயங்காலத்துக்குள் நான்கு கடைக்கும் தெரிந்துவிடும். குறைவாகப் பெற்றவர் முகத்தில் அடித்ததாக எண்ணுவார். பாக்கியை வசூலிப்பதும் கடினமாகும்.

எனவே பரிசை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரியும் பொருள் எல்லோருக்கும் ஒன்றே, விலை குறைவாக. நாணயமாகப் பணம் கட்டியவருக்கான மரியாதை, பண்டிகை மாதத்துப் பில்லில் தள்ளுபடியாக. அது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

வரிக் கணக்கில்

வரிச் சட்டமும் இந்த வழிக்கே சாதகமாக இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி, பரிசாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வெளியே வாங்கிய பாத்திரத்துக்கு மட்டுமல்ல, நம் கடையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் எண்ணெய்க்கும் முந்திரிக்கும் இது பொருந்தும். முன்பே வரவு எடுத்திருந்தால் திருப்பிவிட வேண்டும். எனவே பரிசின் விலையை வரியோடு சேர்த்தே கணக்கிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எப்படியும் வரவு இல்லை. இந்தச் சிக்கலும் இல்லை.

பில்லிலேயே காட்டிய தள்ளுபடியோ விற்பனை மதிப்பிலிருந்து கழிந்துவிடும். "பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்" என்பதும் பரிசு அல்ல, பத்தின் விலைக்குப் பதினொன்று விற்பதே என்று 2019 மார்ச் 7-ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. அதற்கு வரவு உண்டு.

பெரிய மொத்த வியாபாரிகள் கவனிக்க ஒன்று: 2022 ஜூலை 1 முதல் வந்த வருமான வரி விதிப்படி, ஒரே பார்ட்டிக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் தங்கக் காசு, சுற்றுலா, ஃபிரிட்ஜ் என்று கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டாத தனி நபர் வியாபாரிக்கு இது இல்லை.

அதிகாரிகளுக்கு அனுப்பும் பெட்டியை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகவே குற்றவாளி.

எந்தப் பொருள்?

இனிப்புப் பெட்டியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. டீக்கடைக்காரர் ஐந்து மொத்தக் கடைகளில் சரக்கு எடுக்கிறார் என்றால், ஒரே நாளில் ஐந்து பெட்டி வருகிறது. எது யாருடையது என்று அவருக்கே நினைவிருக்காது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அப்படியே அடுத்தவருக்குப் போகும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெட்டியின் எடையைச் சேர்க்காமல் நிறுக்கச் சொல்லுங்கள். பெட்டிமேல் பளபளப்பான பிளாஸ்டிக் தாள் சுற்றுவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை என்பதையும் கடைக்காரருக்கு நினைவூட்டுங்கள்.

ஐப்பசி நம் பகுதியில் அடைமழைக் காலம். தீபாவளிக்குக் கடைப் பெயர் அச்சிட்ட கறுப்புக் குடை கொடுத்தால் அன்றைக்கே பயன்படும். இரண்டு மூன்று மழைக்காலம் தெருவில் நடக்கும். டீக்கடைக்குக் கண்ணாடித் தம்ளர் ஒரு டஜன். பெட்டிக்கடைக்குக் கால்குலேட்டர், அல்லது ஆயுத பூஜைக்குப் பைண்டு செய்த பற்று வரவு நோட்டு. அவர் கடன் எழுதும்போதெல்லாம் நம் பெயரைப் பார்ப்பார். லிட்டர் அளவையும் எடைக்கல்லும் மட்டும் முத்திரை இல்லாமல் கொடுத்துவிடாதீர்கள். சோதனையில் மாட்டுவது வாங்கியவர்தான்.

நம் ஊரிலேயே கிடைக்கும் பொருளை ஏன் விட வேண்டும்? வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. வெளியூர் கம்பெனி ஏஜென்டுகளுக்கும் பெரிய கொள்முதல்காரர்களுக்கும் பித்தளை முலாம் பூசிய கடிகாரத்தைவிட இவை கௌரவமானவை, விலையும் அடக்கம்.

எல்லோருக்கும் தீபாவளிதான் என்பதும் இல்லை. திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா ஆலயமும் உள்ள வில்லியனூரில், பக்கத்திலேயே சுல்தான்பேட்டை. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு ரம்ஜான் பெருநாளன்று கொடுப்பதைவிட, நோன்பு தொடங்குமுன் பேரீச்சம்பழமும் கஞ்சிக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் அனுப்புவது பொருத்தம். கிறிஸ்தவருக்கு டிசம்பரில். காலண்டர் அச்சிடும்போதும் சாமி படத்தோடு, இயற்கைக் காட்சி போட்டதையும் ஒரு பங்கு வாங்கி வையுங்கள்.

பாகூர் பக்கத்துக் கிராமங்களில் கையில் பணம் புரள்வது சம்பா அறுவடைக்குப் பிறகு, தை, மாசியில். அங்குள்ள கடைக்காரர்களின் பாக்கி தீர்வதும் அப்போதுதான். அவர்களுக்குப் பொங்கல் பரிசே நியாயம். ஆனால் பரிசைக் கொண்டுபோகும் ஆளிடமே பாக்கிச் சீட்டையும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். முடிந்தால் முதலாளியே நேரில் போவது உத்தமம். வருடம் முழுக்கச் சைக்கிளில் வந்து சரக்கு எடுத்துப் போகும் கடைப் பையனுக்கும் ஒரு துண்டோ சட்டைத் துணியோ தனியாக இருக்கட்டும்.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே வந்துவிடும். சீக்கிரம் சொன்னால் பிடித்த படம் கிடைக்கும். சுடுமண் பொருளுக்கு இன்னும் அவசரம். மழை பிடித்துவிட்டால் பச்சை மண் காயாது, சூளையும் வைக்க முடியாது. ஆவணிக்குள் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்தால்தான் விளக்குகள் கார்த்திகைக்குக் கைக்கு வரும்.